வட்டம் உடையாமல் ஒரு கபா, ஒரு கவுன், ஒரு சட்டை

என் கபாவின் முதுகு ஜிப்பின் இரண்டு பக்கமும் துணியின் வட்ட டிசைன் உடையாமல் வட்டமாகவே நிற்கிறது. ஜிப்பை இழுத்து மூடினால் தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. வாக்ஸ் பிரிண்ட், அதாவது மேற்கு ஆப்பிரிக்காவில் உடுத்தும் பெரிய டிசைன் அச்சுத் துணி, தைக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், அதனால் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

துணி ஜிடிபி (கானாவில் அச்சாகும் வாக்ஸ் துணி), நீல வெள்ளையில் ன்சுபுரா என்ற டிசைன். புள்ளிகளாலேயே ஆன அடுக்கு வட்டங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 8 அங்குலம். மேல்வீட்டில் பிரசவ நாள் தெரிந்ததுமே எடுத்து வைத்துவிட்டேன். கானாவில் குழந்தை பிறந்த எட்டாம் நாள் வெளியே எடுத்துப் பெயர் வைப்பார்கள். அதற்கு வெள்ளையோ நீல வெள்ளையோதான் பொருத்தம். எனக்குக் கபாவும் (மேல்சட்டை) ஸ்லிட்டும் (பிளவு வைத்த நீளப் பாவாடை), மகளுக்குக் கவுன், சின்னவனுக்குச் சட்டை. எல்லாம் ஒரே ஆறு கஜத்துக்குள் வர வேண்டும்.

அம்மாவும் பிள்ளையும் ஒரே துணியில் என்றாலே, பெரியவர் உடுப்பைச் சின்ன அளவில் அப்படியே தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாக்ஸ் டிசைன்கள் உடம்பைச் சுற்றிக் கட்டுகிற துணிக்காக வரையப்பட்டவை. அந்தப் பெரிய உருவம் ஐந்து வயதுப் பிள்ளையின் 11 அங்குல முன்பக்கத்தில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டால், மீதித் துணியில் தைத்த மாதிரி இருக்கும். பிள்ளைக்கு ஒரே ஒரு உருவம் போதும், ஆனால் அது முழுசாக இருக்க வேண்டும். மீதி வெள்ளை பாப்ளின். அம்மா உடம்பில் டிசைன் ஓடட்டும், பிள்ளை உடம்பில் நிற்கட்டும். சேர்ந்து நிற்கும்போது இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரிவது இப்படிச் செய்தால்தான்.

அதனால் மகளுடைய துண்டைத்தான் முதலில் வெட்டினேன். கணக்கு இப்படி: கழுத்து இறக்கம் இரண்டரை அங்குலம், அதற்குக் கீழே முக்கால் இடைவெளி, 8 அங்குல வட்டம், மறுபடி முக்கால். மொத்தம் 12. ஆனால் அவளுக்குத் தோளிலிருந்து இடுப்பு 9 அங்குலம்தான். வழக்கமான இடுப்புத் தையல் போட்டால் வட்டத்தின் கால்பகுதிக்கு மேல் போய்விடும். எனவே இடுப்பை இறக்கி 12-இல் வைத்து, அதற்குக் கீழே வெள்ளைச் சுருக்கு கொடுத்தேன். கீழ் ஓரத்தில் டிசைன் துணியில் ஒரு விரல் அகலப் பட்டி. சின்னவனுக்கு முழு வெள்ளைச் சட்டை, பாக்கெட்டும் பட்டன் பட்டியும் மட்டும் ன்சுபுரா. பாக்கெட் சின்னது என்பதால் அதில் முழு வட்டம் வராது, உள் அடுக்குகளின் பாதிதான் வருகிறது, அதன் நேர்க்கோடு பாக்கெட்டின் மேல் விளிம்போடு சரியாகப் பொருந்துகிறது. ஆண் பிள்ளைக்கு அவ்வளவே அழகு.

என்னுடைய கபாவில் முதல் விதி, மார்பில் ஜோடியாக வட்டம் வரக் கூடாது. இதைக் கவனிக்காமல் வெட்டிய உடுப்புகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு வட்டத்தின் நடுவை வயிற்றுக்கு நேரே நடுக்கோட்டில் வைத்தால், மார்புக்கு வருவது மேல் வட்டத்துக்கும் கீழ் வட்டத்துக்கும் நடுவில் உள்ள இடம், அது பிரச்சினை இல்லை. இரண்டாவது, பிரின்சஸ் கட் வேண்டாம். தோளிலிருந்து இடுப்பு வரை டிசைனைக் கிழித்துக்கொண்டு போகும். அக்குளுக்குக் கீழே பக்க டார்ட் (வடிவத்துக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) ஒன்று போதும்.

இனி முதுகு. இங்கேதான் மொத்த உழைப்பும் போனது.

பின்பக்கம் இரண்டு துண்டு, நடுவில் மறைவு ஜிப். துணியை மடித்து இரண்டையும் ஒன்றாக வெட்டினால் டிசைன் ஒருபோதும் சேராது, ஏனென்றால் தையலுக்கு விடும் முக்கால் அங்குலம் இரண்டு பக்கமும் வட்டத்தைத் தின்றுவிடும். அதனால் துணியைப் பிரித்து ஒற்றையாக விரித்தேன். இடது துண்டை மட்டும் வெட்டினேன், அதுவும் வட்டத்தின் நடுப்புள்ளி சரியாகத் தையல் கோட்டில் விழும்படி. பிறகு அந்தத் துண்டின் முக்கால் அங்குலத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, வெட்டாத துணிமேல் வைத்து, இன்னொரு வட்டத்தின் வலது பாதியோடு கோடு கோடாகச் சேரும் இடம் வரை நகர்த்தினேன். சேர்ந்த இடத்தில் மடிப்பு ஓரமாகச் சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டிலிருந்து முக்கால் அங்குலம் வெளியே தள்ளி வலது துண்டை வெட்டினேன். இதற்கு ஒரு முழு டிசைன் நீளம் கூடுதல் துணி போகும், அதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். நீல நரம்புகளைப் பார்த்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள், புள்ளிகளின் வெளிவிளிம்பைப் பாருங்கள். பிசினைத் துணியின் இரு பக்கமும் அச்சிட்டு, அந்தப் பிசினை நொறுக்கி, பிறகு இண்டிகோவில் தோய்ப்பதால் வருகிற வெடிப்புதான் அந்த நரம்பு. ஜாவாவின் பாத்திக்கை இயந்திரத்தில் செய்யப்போய் ஐரோப்பியர்கள் கண்டது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகள் அந்த நரம்பைத்தான் விரும்பி எடுத்துக்கொண்டன. எந்த இரண்டு வட்டத்திலும் அது ஒரே மாதிரி இருக்காது, இருக்கவும் கூடாது.

ஜிப் வைக்கும்போது இன்னொரு தொல்லை. புதுத் துணியில் கஞ்சி விறைப்பு இருப்பதால் மேல் துணி முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் போதும், வட்டம் முட்டையாகிவிடும். குண்டூசி உதவவில்லை. பலன் தந்தது இது: ஜிப்பின் ஒரு பக்கத்தை முதலில் தைத்து, ஜிப்பை மூடி, ஒவ்வொரு வட்டக் கோடும் ஜிப்பைத் தொடும் இடத்தில் இன்னும் தைக்காத மறுபக்க நாடாவில் பென்சிலால் சின்னக் குறி. பிறகு ஜிப்பைத் திறந்து, குறிகளைத் துணியின் கோடுகளோடு சேர்த்து, பிள்ளைகளின் பசைக் குச்சியால் மெலிதாக ஒட்டி, அதன்மேல் கையால் ஓட்டுத்தையல். காய்ந்த பிறகே மெஷின், அதுவும் கீழிருந்து மேலாக, மெதுவாக. பசை அலசலில் போய்விடும். பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

வெட்டும் முன் அலசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இண்டிகோ வெள்ளை பாப்ளினில் ஒட்டும். உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று இங்கே பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை, திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. நிழலில் காயப்போடுங்கள்.

துணி எடுத்தது அக்ராவின் மாக்கோலா சந்தையில். இங்கே டெமா நகரத்திலேயே அச்சாகிற ஜிடிபிக்கும், ஹாலந்தின் ஹெல்மொண்டில் 1846 முதல் இயங்கும் விலிஸ்கோவுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு, ஆனால் இரண்டும் இப்போது ஒரே குழுமம்தான். பிள்ளைகள் உடுப்புக்கு ஜிடிபியே தாராளம். விலிஸ்கோ முத்திரை குத்திய போலித் துணியை ஒரு கடையில் எடுத்துக் காட்டினார்கள். பின்பக்கம் திருப்பினால் வெளுத்துக் கிடந்தது. உண்மையான வாக்ஸில் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். விலை பேசும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். சந்தைப் பெண்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வதில்லை. நல்ல துணி விற்கிறவர் தானே திருப்பிக் காட்டுவார்.

ஆறு கஜத்தில் கபாவுக்கு இரண்டு, ஸ்லிட்டுக்கு இரண்டு, மேலே போர்த்தவோ குழந்தையை முதுகில் கட்டவோ இரண்டு என்பது இங்குள்ள பழைய பங்கீடு. நான் அந்த மூன்றாம் பங்கைத்தான் பிள்ளைகளுக்கு எடுத்தேன். மிச்சத்தில் தலைக்கு டூக்கு கட்ட ஒரு நீளத்துண்டு வருகிறது. மகள் தனக்கும் டூக்கு வேண்டும் என்கிறாள். எனக்கு விருப்பமில்லை, அவளுக்கு வெள்ளை ரிப்பன் போதும். கவுனில் நிற்கிற அந்த ஒரு வட்டத்துக்குப் போட்டியாகத் தலையில் எதுவும் வேண்டாம்.

அடுத்தது கிறிஸ்துமஸுக்குப் பறவை டிசைன், சிக்கா வொ ந்தபான். பறவைகளுக்குத் தலை கால் உண்டு என்பதால் துண்டுகளைத் திருப்பி வைத்து மிச்சம் பிடிக்க முடியாது, ஆறு கஜம் போதுமா என்று இப்போதே கவலையாக இருக்கிறது. அதற்கும் முன்னால் கை அரிக்கிற வேலை இன்னொன்று உண்டு. நைஜர் டெல்டாவின் கலபாரிப் பெண்கள், மதராஸிலிருந்து கப்பலேறிப் போன கட்டம் போட்ட பருத்தித் துணியில் நூல் நூலாக அறுத்து உருவியெடுத்துப் புது டிசைன் உண்டாக்குவார்கள். பெலெட்டெ பிட்டே என்பார்கள். அடுத்த முறை சென்னை போகும்போது நல்ல நெருக்கமான கட்டம் போட்ட கைத்தறி எடுத்து வந்து, சின்னவன் சட்டையின் தோள்பட்டி அளவுக்காவது முயற்சி செய்ய வேண்டும். இழை எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் துணி தொய்யாமல் நிற்கும் என்று யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஸ்லிட்டின் கீழ் மடிப்பு இன்னும் பாக்கி. பிளவின் இரண்டு விளிம்பும் ஒரே வட்டத்தின் மேல் விழுகிறது, அங்கேயும் அதே பசைக் குச்சிதான். நாளைக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து முடிக்கிறேன்.