தரையில் விரித்த ஊர்

நான்கு வயதுக் குழந்தையிடம் 'சமூகம்' என்ற சொல்லுக்கு வேலையில்லை. வரிசையில் தனக்கு முன்னால் நிற்பவர், வகுப்பைக் கூட்டிப் பெருக்குபவர், பள்ளி வாசலிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி; அதற்குத் தெரிந்த சமூக அறிவியல் இவ்வளவுதான். இதைக் கலை வழியாகக் கற்பிக்கிறோம் என்று சொல்லும் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஆசிரியர் முந்தின நாளே வெட்டி வைத்த தீயணைப்பு வண்டிக்கு இருபது குழந்தைகளும் சிவப்பு அடிக்கிறார்கள். விரலுக்குப் பயிற்சி கிடைக்கிறது. யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

இந்த வயதுக்கு மிகவும் பொருந்துவது தரை வரைபடம்: பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களையும் கட்டடங்களையும் குழந்தைகளே தரையில் விரித்த தாளில் அமைப்பது. முதல் நாள் பள்ளியைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்து வர வேண்டும். மறுநாள், சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பிரவுன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்ட வேண்டும். சுவரில் மாட்டினால் அது படமாகிவிடும். தரையில் கிடந்தால்தான் அதன் மேல் நடக்கலாம். ஒரு நேரத்தில் ஆறு பேர் போதும். பள்ளிக்கு ஒரு பெட்டியை நடுவில் வைத்துவிட்டு, "வாசலைத் தாண்டியதும் முதல்ல என்ன பார்த்தோம்?" என்று கேட்டால் வேலை தானாகத் தொடங்கும்.

கட்டடங்களுக்குக் காலிப் பால் அட்டைப்பெட்டிகள் நன்றாக இருக்கும். அவற்றின் வழவழப்பான பூச்சில் வண்ணம் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கும். போஸ்டர் கலரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் பிடிக்கும். பெட்டிகளை இரண்டு நாளுக்காவது ஒட்டாமல் வைப்பது முக்கியம். யாராவது ஒரு குழந்தை நடுச்சாலையில் வீடு கட்டும். இன்னொன்றின் பொம்மைக் கார் போக வழியிருக்காது. அந்தச் சண்டைதான் பாடம். சாலை யாருடையது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆசிரியர் அவசரப்பட்டு வீட்டை நகர்த்தி வைத்தால் கேள்வி போய்விடும்.

வரைபடத்தில் வீடுகளைக் கதவும் ஜன்னலுமாகப் படுக்க வைத்து வரைவார்கள். திருத்த வேண்டாம். மேலிருந்து பார்க்கும் பார்வையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மரக்கட்டையைத் தாளில் நிறுத்தி, அடியைச் சுற்றிக் கிரேயானால் கோடு போட்டு, கட்டையைத் தூக்கினால் போதும். மிஞ்சும் கட்டத்தை 'வீட்டோட கால்தடம்' என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். 1914இல் நியூயார்க்கில் ஒரு பள்ளியைத் தொடங்கிய கரோலின் பிராட் வடிவமைத்த யூனிட் கட்டைகள் இதற்கு ஏற்றவை. அளவுகள் ஒன்றுக்கொன்று இரட்டையும் பாதியுமாகப் பொருந்துவதால் தெருக்கள் கோணலாகாது.

சுய உருவப்படம் இன்னும் கவனம் கேட்கும் வேலை. 'தோல் நிறம்' என்று ஒரே ஒரு கிரேயானைச் சொல்லும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பிரவுன், வெள்ளை, மஞ்சள், சிவப்பு நான்கையும் தட்டில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் புறங்கையோடு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லலாம். வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் எவ்வளவு வெள்ளை ஊற்றினாலும் போதாது. அடர்ந்த நிறமுள்ள குழந்தைகளுக்குப் பிரவுனிலிருந்தே தொடங்கி, நீலம் ஒரு பொட்டு சேர்க்கலாம். கிடைத்த நிறத்துக்கு அவர்களே பெயர் வைக்கட்டும்.

நடிப்பில், கடை விளையாட்டு பாதியில் கலைவது எல்லோரும் கடைக்காரர் ஆக விரும்புவதால்தான். வாங்க வருபவர் கையில் படப்பட்டியல் ஒன்று கொடுத்தால் அவருக்கும் வேலை கிடைத்துவிடும்.

வாக்கெடுப்பு: வரைபடத்தில் அடுத்து வரப்போவது பூங்காவா, ஆறா? இரண்டு ஜாடி, ஆளுக்கு ஒரு கூழாங்கல். கண்ணாடி ஜாடி என்றால் நிறைந்த பக்கமே எல்லோரும் போடுவார்கள். மூடிய டப்பாதான் சரி. கற்களை எதிரெதிராக வரிசையில் அடுக்கி எண்ண வேண்டும், அப்போதுதான் எது அதிகம் என்று கண்ணுக்குத் தெரியும். தோற்றவர்கள் அழுவார்கள். அந்த இடத்தில் மறுவாக்கெடுப்பு நடத்திவிடக் கூடாது. ஆறு கேட்டவர்களிடம் பூங்காவுக்குள் என்ன வேண்டும் என்று கேட்கலாம். சின்னதாக ஒரு குளம் வரும்.