ஒரு வசனம் சேர்த்திருக்கலாமே

"முடிவுல ஒரு நல்ல வசனமாவது சேர்த்திருக்கலாமே, ஐயரே." ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெரியவருக்கு, வேதத்திலுள்ள ஜெபப்பாட்டுகளில் ஒன்றான ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு வந்த பிறகு, வராந்தாவில் அவருடைய மகள் போதகரான என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அதற்கான பதிலை இன்னும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் வேதத்தில் ஏசாயா 38-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னது மகள்தான். எசேக்கியா ராஜா வியாதியில் கிடக்கிறான். பிழைக்கமாட்டாய் என்று தீர்க்கதரிசி சொல்லிவிடுகிறார். சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறான். 15 வருஷம் கூடக் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் பலரும் விரும்பிக் கேட்கிற அதிகாரம். (பிறகு 12 வயதில் பட்டத்துக்கு வந்து எருசலேமை இரத்தத்தால் நிரப்பிய மனாசே, அந்த 15 வருஷத்தில் பிறந்த பிள்ளை. அதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.)

முடித்ததும் பெரியவர், "அவருக்குக் கிடைச்சுது. கிடைக்காதவங்க என்ன ஜெபம் பண்ணினாங்க?" என்றார்.

அதற்கு 88-ஆம் சங்கீதத்தை விட்டால் என்னிடம் வேறொன்றும் இல்லை. 13-உம் 22-உம் புலம்பலில் தொடங்கினாலும் துதியில் கரையேறிவிடும். 88 ஏறாது, சிநேகிதரும் விலகிப்போய் இருட்டிலேயே முடியும். "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?" என்ற இடத்தில், ட்ரிப்ஸ் ஏறாத கையால் மெத்தையைத் தட்டி, "கேளுங்க, அப்படிக் கேளுங்க" என்றார். வாத்தியாராக இருந்தவர், பையன் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கும்போது சொல்வதைப் போலவே சொன்னார். தலைமாட்டில் மகள் அழுதுகொண்டிருந்தார்.

சங்கீதக்காரன் சேர்க்காத ஆறுதலை நான் ஏன் சேர்க்க வேண்டும்? சிலுவையில் இயேசு சொன்னதாக மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதியதும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற ஒன்றை மட்டும்தானே? கைவிட்டவரிடமே போய்க் கேட்பதும் விசுவாசம்தான். இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடுவேன்.

ஆனால் 88 வேதத்தில் தனியாக நிற்கவில்லை. முன்னும் பின்னும் பாட்டுகள் இருக்கின்றன. தனியே பிடுங்கி ஒரு கட்டிலருகே வாசித்தது நான்தான். பெரியவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது, சரி. அந்தப் பெண் அதைக் கேட்கவில்லையே. அவரையும் வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டுதானே வாசித்தேன்?

பெரியவர் அதே வாரம் போய்விட்டார். அடக்க ஆராதனையில் மகள் என்னிடம் பேசவில்லை. கோபமா துக்கமா, தெரியவில்லை.

போன மாதம் வேறொரு வார்டில் ஒரு அம்மாவுக்கு 88 வாசித்தேன். முடித்த கையோடு, ஆறுதல் சொல்லும் 23-ஆம் சங்கீதத்தையும் வாசித்துவிட்டேன். அவர் கேட்கக்கூட இல்லை.