பியூரோஃபேக்ஸ் முதல் பாரிஸ் வரை

15 ஆகஸ்ட் 2020
8-2. லிஸ்பனில் ஆளில்லாத மைதானத்தில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக், மெஸ்ஸி ஆடும் பார்சாவை (பார்சிலோனா கால்பந்து கிளப்) துவைத்துக் காயப்போட்டுவிட்டது. கடைசி இரண்டு கோலையும் போட்டவர் கூட்டின்யோ. பார்சா 10 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கி, சரிவரவில்லை என்று பேயர்னுக்கு இரவல் கொடுத்த ஆள். நிர்வாகத்தின் லட்சணத்துக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

26 ஆகஸ்ட் 2020
கிளப்பை விட்டுப் போகிறேன் என்று மெஸ்ஸி பியூரோஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். அது ஸ்பெயினில் கோர்ட்டில் செல்லுபடியாகிற பதிவுத் தபால் மாதிரி. 13 வயதில் வந்து சேர்ந்த பையன். 2000 டிசம்பரில் அவரைச் சேர்த்துக்கொள்வதாக ஒரு நாப்கினில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், அந்த வாய்வார்த்தை காலம் முடிந்தது. இனி வக்கீல்கள்தான் பேசுவார்கள். புதுப் பயிற்சியாளர் கூமன், மெஸ்ஸியின் நெருங்கிய நண்பரான சக வீரர் சுவாரெஸிடம் ஃபோனிலேயே 'நீ தேவையில்லை' என்று சொல்லிவிட்டார் என்றும் செய்தி. அதுவும் சேர்ந்து எரிந்திருக்கும்.

31 ஆகஸ்ட் 2020
மொத்தச் சண்டையும் ஒரு தேதியை வைத்துத்தான். சீசன் முடிவில் மெஸ்ஸி இலவசமாக வெளியேறலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் ஜூன் 10-க்குள் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது கிளப். கொரோனாவால் சீசனே ஆகஸ்ட் வரை இழுத்ததே, ஜூனில் எப்படிச் சொல்வது என்பது மெஸ்ஸி தரப்பு. ஸ்பெயின் லீக்கை நடத்தும் லா லிகா கிளப்பின் பக்கம் நின்றுவிட்டது: போக வேண்டுமானால் ஒப்பந்தத்தில் உள்ள விடுவிப்புத் தொகை 70 கோடி யூரோவைக் கட்டு. புது சீசன் பயிற்சிக்கு முந்தைய கொரோனா பரிசோதனைக்கு மெஸ்ஸி வரவேயில்லை.

என்னைக் கேட்டால் சட்டம் யார் பக்கமோ, நியாயம் மெஸ்ஸி பக்கம்.

5 செப்டம்பர் 2020
மெஸ்ஸி பார்சாவிலேயே இருக்கிறாராம், பேட்டி கொடுத்திருக்கிறார். சீசன் முடிந்ததும் நீயே முடிவு செய்துகொள் என்று தலைவர் பார்த்தொமேயு சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிட்டார் என்கிறார். வழக்கு போட்டால்தான் வழி, ஆனால் தன் கிளப்பைக் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டேன் என்கிறார். இதைச் சமாதானம் என்று எழுதுகிறவர்கள் பேட்டியை முழுக்கப் படிக்கவில்லை போல.

28 அக்டோபர் 2020
பார்த்தொமேயு ராஜினாமா. சரி, போய்த் தொலையட்டும்.

1 பிப்ரவரி 2021
மெஸ்ஸியின் ஒப்பந்தத்தை எல் முண்டோ பத்திரிகை அப்படியே வெளியிட்டுவிட்டது. நான்கு சீசனுக்கு அதிகபட்சம் 55.5 கோடி யூரோ வரை. அது கிளப்பைச் சீரழித்தது என்று தலைப்பு வேறு. பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டது கிளப்தானே? நெய்மாரை விற்ற 22.2 கோடியைக் கூட்டின்யோ, டெம்பெலே என்று இறைத்துவிட்டு, பிறகு கிரீஸ்மானுக்கு 12 கோடி கொடுத்தது யார்?

6 ஆகஸ்ட் 2021
நேற்று அறிவிப்பு வந்தது. மெஸ்ஸி போகிறார், அதுவும் இருக்க ஆசைப்பட்டபோது! ஜூன் 30-ல் பழைய ஒப்பந்தம் முடிந்தது. புதியதைப் பதிவு செய்ய லா லிகாவின் சம்பள வரம்பு இடம் கொடுக்கவில்லை. மெஸ்ஸி இருந்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், இல்லாவிட்டாலே 95 என்கிறார் புதுத் தலைவர் லப்போர்த்தா. போகிறேன் என்றபோது கட்டிப்போட்டார்கள், இருக்கிறேன் என்றபோது கதவைச் சாத்துகிறார்கள்.

9 ஆகஸ்ட் 2021
விடைபெறும் பத்திரிகையாளர் சந்திப்பில் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மெஸ்ஸி அழுதுவிட்டார். முன்வரிசையிலிருந்து மனைவி டிஷ்யூவை நீட்டுகிறார். பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தும் நடக்கவில்லை என்றார். சக வீரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், நெடுநேரம். 672 கோல் போட்டவருக்கு விடைகொடுக்கும் ஆட்டம்கூடக் கிடையாது.

11 ஆகஸ்ட் 2021
பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்பில் மெஸ்ஸிக்கு 30-ஆம் எண் ஜெர்சி. பார்க்கவே பிடிக்கவில்லை.

17 ஆகஸ்ட் 2021
பார்சாவின் கடன் 135 கோடி யூரோவாம். லப்போர்த்தா கணக்கை விரித்துப் பழைய நிர்வாகத்தின் தலையில் கட்டுகிறார். சீனியர் வீரர் பிக்கே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் புதிதாக வந்த டெப்பாயைப் பதிவு செய்ய முடிந்ததாம். சீசனின் முதல் ஆட்டத்தில் ரியல் சோசியெடாட் அணிக்கு எதிராக முதல் கோலையும் பிக்கேதான் போட்டார். 4-2 வெற்றி. மற்ற சீனியர்களும் எப்போது குறைக்கப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.