பள்ளியறைக்குப் போகும் கிரந்தம்

சீக்கியர்களின் புனிதத் தலமான அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் நுழைந்தபோது படி ஏறவில்லை, இறங்கினேன். தலையைத் துணியால் மூடி, காலணியை ஒப்படைத்து, வாசலில் ஓடும் தண்ணீரில் பாதம் நனைத்துப் படியிறங்கினால் சரோவர் என்ற புனிதக் குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாஹிப் என்ற அந்தக் கோயில் மிதப்பதுபோல் தெரிகிறது. மேலே போர்த்திய பொன் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்துக் காணிக்கை. ஆனால் என்னை நிறுத்தியது பொன் அல்ல, அந்தத் தாழ்வுதான். இறைவனைக் காண வருபவர் பணிந்து இறங்கி வரட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். நான்கு திசைக்கும் நான்கு வாசல்; இன்னார்தான் வரலாம் என்ற கேள்வியே இல்லை.

உள்ளே சிலை கிடையாது. விதானத்தின் கீழ் பட்டு விரிப்பில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிப் வீற்றிருக்க, ஒருவர் சாமரம் வீசுகிறார். 1604இல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்து இங்கே எழுந்தருளச் செய்த நூல் இது. 1708இல் பத்தாம் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் கிரந்தமே குரு என்று அறிவித்தார். அதனால்தான் அதன் 1430 பக்கங்களைப் பக்கம் என்று சொல்வதில்லை. 'அங்', அதாவது அங்கம் என்கிறார்கள். நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் குருமார்களின் வாக்கோடு அதில் கலந்திருக்கின்றன. பெரும்பகுதி ராக வாரியாக அமைந்தது. தேவாரத்தைப் பண்முறையில் பாடக் கேட்டு வளர்ந்த எனக்கு, அங்கே ஒலித்த கீர்த்தனையின் மொழி புரியாவிட்டாலும் மனம் அந்நியப்படவில்லை.

கைநிறையக் கிடைத்த கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவின் நெய் மணத்தோடு, எல்லோருக்கும் உணவிடும் பொதுச் சமையல்கூடமான லங்கருக்குப் போனேன். எல்லோரும் தரையில், ஒரே வரிசையில். பக்கத்தில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, எதிரே பட்டுச் சேலை உடுத்திய பெண்மணி. "பர்ஷாதா, வாஹேகுரு" என்றபடி ரொட்டி வந்தது. ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய முதியவர் புன்னகைத்து, "இரண்டு கையும், பேட்டா" என்றார். தட்டில் போடமாட்டார்கள்; இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். பருப்பும் பாயசமும் அப்படியொரு ருசி. எந்த நேரத்தில் போனாலும் உணவு உண்டு, விலை கிடையாது. நாமம் சொல், உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து உண் என்ற குரு நானக்கின் போதனையை யாரும் எனக்கு விளக்கவில்லை. சாப்பிடச் சாப்பிட அதுவே விளங்கியது.

தட்டு கழுவும் தொட்டியில் எனக்கும் இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற சர்தார்ஜியின் மணிக்கட்டில் இரும்புக் காப்பு நுரையில் மறைந்து மறைந்து மின்னியது. வெட்டாத முடி, சீப்பு, காப்பு, கச்சை, கிர்பான் என்ற குறுவாள் என ஐந்தையும் அணியும் நெறி 1699இல் அனந்த்பூரில் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பு பிறந்தபோது வந்தது. சாதியைக் காட்டும் பெயர்களுக்குப் பதிலாக ஆணுக்கு சிங், பெண்ணுக்கு கௌர் என்ற பெயர் வந்ததும் அப்போதுதான். "வங்கியில் வேலை. வாரம் ஒருநாள் இங்கே வந்துவிடுவேன், ஜி" என்றார் அவர். அதற்குமேல் பேசவில்லை, தட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

இரவு கிரந்தம் உறங்கப் போகும் நேரம். நம் கோயில்களில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்வார். இங்கே பூக்களால் அலங்கரித்த பொற்பல்லக்கில் ஒரு நூல் எழுந்தருளுகிறது. கொம்பு முழங்க, பன்னீர் தெளிக்க, பாலத்தின் வழியே, சீக்கியர்களின் உயர் பீடமான அகால் தக்த் நோக்கிப் பல்லக்கு நகர்ந்தது. தண்டுக்குத் தோள் கொடுக்க இளைஞர்கள் முந்தினார்கள். எனக்கும் நான்கு அடி தூரம் கிடைத்தது. பின்னால் யாரோ என் தோளைத் தொட்டார், அவருடைய முறை. விலகி நின்றேன். பல்லக்கு உள்ளே போய் மறைந்த பிறகும் லங்கரிலிருந்து தட்டுகளின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.