நூறு சொல்லில் எத்தனை தெரியாது?

ஆங்கிலம் கற்பவருக்கு வாசிக்க ஏதாவது கொடுக்கும் முன் நூறு சொல்லை எண்ணிப் பாருங்கள். முதல் பக்கம் வேண்டாம், நடுவிலிருந்து எடுங்கள். தெரியாத சொல்லையெல்லாம் அவரே பென்சிலால் கோடிடட்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கணக்கில் சேராது.

கோடு இரண்டுக்குள் இருந்தால் தனியாக வாசிக்கலாம். மூன்று முதல் ஐந்து வரை என்றால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அதற்கு மேல் போனால் எடுத்து வைத்துவிடுங்கள். நூற்றுக்கு ஐந்து கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் வரிக்குப் பத்துச் சொல் என்றால், இரண்டு வரிக்கு ஒருமுறை தட்டுகிறது. அகராதியைப் புரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் வாக்கியத்தின் தொடக்கமே மறந்துபோகும்.

கடினத்தை அளக்கும் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். பரவலாகப் பயன்படும் ஃப்ளெஷ்-கின்கெய்ட் சூத்திரம் வாக்கிய நீளத்தையும் அசைகளையும்தான் எண்ணும். 'ஹீ புட் அப் வித் இட்': ஐந்து சொல், ஐந்து அசை. சூத்திரத்துக்கு இது குழந்தைப் பாடம். கற்பவருக்கோ ஐந்து சொல்லும் தனித்தனியே தெரியும், 'அவன் பொறுத்துக்கொண்டான்' என்ற பொருள் மட்டும் கிடைக்காது. இப்படிப்பட்ட தொடருக்குக் கோடும் விழாது. அதனால் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று தாய்மொழியில் சொல்லச் சொல்லுங்கள். 'புரிந்ததா' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

கற்பவரின் நிலைக்கேற்ப எளிய சொற்களில் எழுதப்படும் நிலைவாரி வாசிப்பு நூல்களில் அட்டையில் உள்ள நிலை எண் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். அதற்குப் பதில், எத்தனை அடிப்படைச் சொற்களுக்குள் நூல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒப்பிடுங்கள். பிடித்த விஷயமாக இருந்தால் ஒரு படி கூடுதலாகவே கொடுக்கலாம். கிரிக்கெட் பிரியர் ஆட்ட வர்ணனையில் பாதியை ஊகித்தே பிடித்துவிடுவார்.