ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்: புல்வெளியோடு திரும்பிவிடாதீர்கள்

ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு வருபவர்களில் பலர், வாசலைத் தாண்டியதும் விரியும் பெரிய புல்வெளியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். தொட்டபெட்டா சரிவில் 55 ஏக்கர் தோட்டம் இது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,250 மீட்டரில் தொடங்கி 2,500 மீட்டர் வரை ஏறுகிறது. அருமையான மரங்களெல்லாம் மேலேதான்.

இதன் தொடக்கம் ஒரு காய்கறித் தோட்டம். 1840-களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, மலிவாகக் காய்கறி கிடைக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிறகு அதைப் பொதுப் பூங்காவாக்கும் எண்ணம் வந்தது. 1848-இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்கைவர் வந்து சேர்ந்தார். அப்போது மேலே அடர்ந்த காடு, கீழே ஆழப் பள்ளங்களோடு சதுப்பு. தண்ணீரை வடித்து, பள்ளத்தைத் தூர்த்து, சரிவைப் படிப்படியாக வெட்டி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மலேரியா மருந்தான கொய்னா தரும் சிங்கோனா மரம் நீலகிரியில் பயிரானதும் அவர் கையால்தான். அவர் கல்லறை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் இருக்கிறது.

அந்தத் தாழ்வான பகுதி இன்றும் தோட்டக்காரர்களைத் தூங்க விடுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் செடி தப்பும், கீழ்ப் புல்வெளி விடியும்போது உறைபனியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். உறைந்த இலைமேல் திடீரென்று வெயில் பட்டால் இலை கருகிவிடும். அதற்குத்தான் வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து பனியைக் கரைக்கிறார்கள். நாற்றுப் பாத்திகளில் மிலார் செடியின் கிளைகளைக் குத்துக்குத்தாக நட்டுக் கூடாரம்போல் மூடி வைத்திருப்பதையும் பார்க்கலாம். பலர் அதைக் காய்ந்த குப்பை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்கான செடிகளை இந்தக் குளிரிலேயே வளர்த்தெடுக்க வேண்டியிருப்பதால், அந்தக் கிளைகள் இல்லாவிட்டால் மே மாதத்தில் பூ இல்லை.

கண்காட்சி நாட்களில் கூட்டம் நெரியும். பூ வேண்டும், நெரிசல் வேண்டாம் என்பவர்கள் ஏப்ரல் முதல் பாதியிலோ, இரண்டாம் சீசனான செப்டம்பர், அக்டோபரிலோ வரலாம். சீசன் முடிந்த கையோடு வந்தால் பெரிய புல்வெளியில் கயிறு கட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஈரத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாமல் புல் திட்டுத்திட்டாகச் செத்துவிடும். மண்ணும் எருவும் தூவி அது தேறும்வரை உள்ளே விடமாட்டார்கள். தயவுசெய்து கயிற்றைத் தாண்டாதீர்கள்.

காலையில் திறந்ததும் நுழைந்து, கால் தெம்பாக இருக்கும்போதே மேலே ஏறிவிடுங்கள். கண்ணாடி மாளிகையையும் 2 கோடி ஆண்டுப் பழமையானதாகச் சொல்லப்படும் கல்மரத்தையும் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். உச்சியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் ஊர். கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். கோயிலை நெருங்கவே வேண்டாம்.

2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மாவட்டம் முழுக்க பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். ஊட்டி நகரின் சேரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து நடந்தே வந்துவிடலாம். சீசனில் வண்டியைவிட நடைதான் சீக்கிரம்.