பேண்ட் மட்டும் சின்னதானது

இரண்டு வருஷமாக மகனுக்குப் பேண்ட் மட்டும்தான் புதிதாக வாங்கினோம். ஸ்கூல் சட்டை அப்படியே பொருந்தியது. "காசு மிச்சம்" என்று சிரித்தவளும் நான்தான்.

6 வயதில் அவனுக்குச் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன், பிறகு தலைக்கும் முதுகுத்தண்டு முழுக்கவும் ரேடியேஷன், கீமோ. ஒவ்வொரு எம்.ஆர்.ஐ. முடிந்ததும் "கட்டி இல்லை" என்பதைக் கேட்டாலே போதும், ஓடி வந்துவிடுவோம். உயரத்தை அங்கே யாரும் அளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

9 வயதில் எந்நேரமும் சோர்ந்து கிடந்தான் என்றுதான் ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து அளந்தார். கதிர் பட்ட முதுகெலும்பு சரியாக வளரவில்லை, கால்தான் நீண்டிருக்கிறது என்றார். சட்டை ஏன் சின்னதாகவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மூளைக்குக் கதிர் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் குறைவது வளர்ச்சி ஹார்மோன்தானாம்.

அதற்கான டெஸ்ட் அரை நாள் வேலை. வெறும் வயிற்றில், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் குளோனிடின் மாத்திரை கொடுத்து, கையில் போட்ட ஊசிவழியே அரை மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். பி.பி. இறங்கும் என்பதால் எழுந்திருக்க விடவில்லை. தூக்கக் கலக்கத்திலேயே, "அம்மா, இட்லி கொண்டாந்தியா?" என்றான். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கக்கூட எனக்குப் பயம், வாசனை அவனுக்கு எட்டிவிடுமே.

வளர்ச்சி ஹார்மோன் அதிகபட்சமே 3தான் வந்தது. 10ஐத் தொட்டிருக்க வேண்டுமாம். தைராய்டும் குறைவு. அதற்கான தைராக்சின் மாத்திரையை இன்றே ஆரம்பிக்கலாமா என்றேன். "காலை 8 மணி கார்டிசால் பார்க்காம கூடாதும்மா." உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் அந்த ஹார்மோன் குறைந்திருப்பது தெரியாமல் தைராக்சின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாம். நல்லவேளை, கார்டிசால் சரியாக இருந்தது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியால் கட்டி திரும்ப வருமா என்று மூன்று தடவை கேட்டிருப்பேன். அதற்கு ஆதாரமில்லை, சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் கட்டியில்லாமல் இருப்பதால் ஆரம்பிக்கலாம் என்று மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

தினமும் ராத்திரி பேனா ஊசி. ஒரு நாள் தொடை, மறுநாள் வயிறு. செலவு எங்கள் வீட்டு வாடகையைத் தாண்டுகிறது. கரண்ட் போனால் முதலில் ஊசி மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜைத்தான் பார்க்கிறேன். முதல் வருஷம் 7 செ.மீ. வளர்ந்தான். முதுகு அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். இந்த ஜூனிலும் பேண்ட் மட்டும்தான் வாங்கினோம்.